பிள்ளை பார்த்த கூலி

ஆனி பிறந்துவிட்டால் சித்தூரிலிருந்து குடிபாலா போகிற சாலையில் ஜூஸ் பேக்டரி எங்கே என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாடையே கூட்டிக்கொண்டு போய்விடும். தோத்தாபுரி மாங்காயை ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பழுத்தது, வெடித்தது, அழுகியது எல்லாம் கலந்த அந்த இனிப்பு வாடை வேலைக்குப் போய் வருகிறவர்களின் துணியில் ஏறி, தலைமயிரில் ஏறி, கடைசியில் சாப்பிடுகிற களியிலும் ஏறிவிடும். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அந்தக் காலத்தை மாங்கா மாசம் என்பார்கள். மற்ற மாசமெல்லாம் வேர்க்கடலைக்குக் களை எடுக்கிறவர்கள், மாங்கா மாசத்தில் மட்டும் தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு பேக்டரிக்காரிகள் ஆகிவிடுவார்கள்.

தேவசேனா கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அங்கே வேலைக்குப் போகிறாள். பெல்ட்டில் வேலை. கழுவித் தள்ளின பழம் ரப்பர் பட்டையில் நகர்ந்து வரும். இரண்டு பக்கமும் பெண்கள் நின்று காம்புப் பக்கத்தை அறுத்து, அழுகலைச் சீவி, நல்லதை மட்டும் மேலே கூழ் மெஷினுக்கு விட வேண்டும். ஆழமாக அறுத்தால் சதை வீண் என்று மேஸ்திரி கத்துவான். மேலாக அறுத்தால் பால் இறங்கிக் கூழ் கசக்கும் என்று அதற்கும் கத்துவான். மாங்காய்ப் பால் பட்ட இடம் தீப்பட்டது போலக் கருத்துப்போகும். கையுறை கொடுப்பார்கள், மத்தியானத்துக்குள் கிழிந்துவிடும். ஈரத்தில் நின்று நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துக் கிடக்கும். தேவசேனாவின் கை பழத்தை எடுக்கும், திருப்பும், கத்தி ஒரு இழுப்பு இழுக்கும், அதற்குள் கண் அடுத்த பழத்துக்குப் போயிருக்கும்.

அவள் புருஷன் முனிகிருஷ்ணன் அதே பேக்டரியில் லோடு இறக்குகிறவன். மாங்காய் நிரம்பிய கிரேட்டைத் தோளுக்குத் தூக்கி, கொட்டகைக்குள் அடுக்கிவிட்டு வர வேண்டும். ஆணுக்கு நாள் கூலி அறுநூறு, பெண்ணுக்கு நானூறு. அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கிரேட்டு தூக்குவது ஒரு வேலை, காம்பு அறுப்பது ஒரு வேலை, அதற்கொரு கூலி, இதற்கொரு கூலி. தேவசேனாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள், அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்கிற வரைக்கும்.

அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, பிரீத்தி. நடை பழகின புதுசு. வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லை. முனிகிருஷ்ணனுக்குத் தாய் தகப்பன் இல்லை. தேவசேனாவின் அம்மா ராமகுப்பத்தில் ஒருத்தருடைய பட்டுப்புழுக் கொட்டகையில் இலை வெட்டிப் போடுகிறாள். புழு தின்கிற காலத்தில் அவளால் ஒருநாள்கூட நகர முடியாது. அதனால் பிரீத்தியும் விடியக்காலையில் அம்மா அப்பாவோடு மொபெட்டில் நடுவில் உட்கார்ந்து பேக்டரிக்கு வந்துவிடுவாள். கேட்டுக்கு உள்ளே ஒரு புங்கமரம். அதன் கிளைகளில் பழைய சேலைகளைத் தூளி கட்டியிருப்பார்கள். பெல்ட்டில் நிற்கிற பெண்களின் குழந்தைகளெல்லாம் அங்கேதான். அவர்களைப் பார்த்துக்கொள்வது கோதை.

கோதையும் ஒரு காலத்தில் பெல்ட்டில் நின்றவள்தான். ஈரத்தில் நின்றே முட்டி இரண்டும் போய்விட்டது. மேஸ்திரி நாகேந்திரன் அவளை மரத்தடிக்கு மாற்றிவிட்டு அரைக்கூலி போட்டான்.

“குந்திக்கினு கீற வேலதான? இருநூறு போதும்” என்றான்.

கோதை அதற்கே போய் உட்கார்ந்தாள். குந்திக்கொண்டு இருக்க அவளை எந்தப் பிள்ளை விட்டது என்பது வேறு விஷயம்.

அந்த வருஷம் மாங்கா மாசம் தொடங்கின ஜோரில் முனிகிருஷ்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. டிராக்டரிலிருந்து கிரேட்டை வாங்கும்போது இடுப்பில் ஏதோ சொடுக்கென்றது; அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நாகேந்திரனுக்கு முனிகிருஷ்ணன் மேல் ஒரு பிரியம். நல்ல வேலைக்காரன், வாய் பேசாதவன், வேறு பேக்டரிக்குப் போய்விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

“பர்லேதய்யா, பரவால்ல” என்றான். “முதுகு சரியாவற வரைக்கும் பெல்ட்டுல நில்லு. ஒம் பொண்டாட்டி பக்கத்துலயே நிக்க வச்சிடறேன், சரிதானா?”

முனிகிருஷ்ணன் தலைகுனிந்தபடி தொப்பியை மாட்டிக்கொண்டான். பெண்களுக்கு ஒரே சிரிப்பு. தேவசேனா அவனுக்குக் கத்தி பிடிக்கக் காட்டினாள். அவள் மூன்று காய் அறுக்கும்போது அவன் ஒன்று அறுத்தான். முதல்நாளே கட்டைவிரலைச் சீவிக்கொண்டான். மாங்காய்ப் பால் பட்டுப் புறங்கை கொப்பளித்தது. அவன் விட்ட பழங்களையெல்லாம் இவள் எட்டி எடுத்து அறுத்தாள். சாயந்திரம் வீட்டில் விளக்கெண்ணெய் தடவிவிடும்போது, “இத்தினி நாளு சொல்லவே இல்லியே மே, இப்பிடி எரியும்னு” என்றான்.

“நீ கேட்டியா?” என்று சிரித்தாள்.

சனிக்கிழமை கூலி கொடுக்கிற ஜன்னலில் அவன் முன்னால் நின்றான், அவள் பின்னால். பெல்ட்டில் நின்ற நாட்களுக்கும் அவனுக்கு அறுநூறு வீதமே எண்ணிக் கொடுத்தார்கள். அடுத்தது அவள். நானூறு.

பெல்ட்டில் அவளுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற மோகனப்ரியா இதைப் பார்த்துவிட்டாள். இருபத்துச் சொச்சம் வயசு, வாய்த்துடுக்கு. “இன்னாக்கா பாக்கற? அண்ணனுக்கு மீசை கீதில்ல, அதுக்கு இருநூறு!” என்றாள்.

வரிசையே சிரித்தது. தேவசேனாவும் சிரித்தாள். ஆனால் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. குழந்தையை மடியில் இடுக்கிக்கொண்டு, முன்னால் தெரிகிற அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனாள். கட்டுப்போட்ட முதுகு. அதன்மேல் அவளுக்குக் கோபமில்லை. யார்மேல் என்றும் தெரியவில்லை.

அடுத்த வாரம் கோதைக்குத் தடா ஊரிலிருந்து போன் வந்தது. மகளுக்குப் பிரசவ வலி. கோதை இருந்த சேலையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள். மரத்தடியில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. நாகேந்திரன் பெண்களைப் பார்த்து யாராவது போங்கள் என்றான். நானூறு வாங்குகிறவள் இருநூறுக்கு எதற்குப் போவாள்? ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைப் பெல்ட்டு ஓரமாகவே உட்கார வைத்துக்கொண்டார்கள். ஒன்று அழுகல் பழத்தை எடுத்துத் தின்றது. ஒன்று ஈரத்தில் வழுக்கி விழுந்தது. அறுக்கிற கை அறுத்துக்கொண்டே இருக்க, கண் மட்டும் கீழே மேலே என்று அலைந்தது.

அன்றைக்குத்தான் பிரீத்தி காணாமல் போனாள். தேவசேனா ஒரு கூடை அழுகலைத் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் பிள்ளை இல்லை. பழம் கழுவுகிற தொட்டி அந்தப் பக்கம். இடுப்பளவு ஆழம், அதில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மேலே தூக்கிப் போட்டிருந்தாள் பிரீத்தி. உள்ளே மிதக்கிற மஞ்சள் பழம் ஒன்றுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். முனிகிருஷ்ணன்தான் கத்தியைப் போட்டுவிட்டு, முதுகில் இருக்கிற கட்டையும் மறந்து, பெல்ட்டுக்கு அடியில் குனிந்து பாய்ந்து பிள்ளையின் கவுனைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பிரீத்தி அப்பனைப் பார்த்து ‘நைனா’ என்று வீறிட்டாள். பழம் கிடைக்கவில்லை என்ற கோபம் அவளுக்கு.

நாகேந்திரன் ஓடிவந்தான். அவன் முகமும் வெளுத்துப்போயிருந்தது. “இனிமே ஒரு புள்ளயும் உள்ள வரக்கூடாது!” என்று கத்தினான். “ஏம்மா தேவசேனா, நீ போய் மரத்தடில குந்து. கோத வர்ற வரைக்கும் நீ பாரு.”

“நான் போறேன் அண்ணா” என்றான் முனிகிருஷ்ணன் தரையில் உட்கார்ந்தபடியே. “இங்க நின்னாலும் நான் அறுக்கறது ஒண்ணுமில்ல. அவ நின்னா உனுக்கு வேல நடக்கும்.”

நாகேந்திரன் பெல்ட்டைத் திரும்பிப் பார்த்தான். “சரேலே. நீயே போ. ஒங் கூலில கை வெக்க மாட்டேன், அறுநூறே போட்டுக்கோ.”

நல்ல மனசோடுதான் சொன்னான். தேவசேனா பிள்ளையின் ஈரக் கவுனைப் பிழிந்துகொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பிள்ளை உயிரோடு இருக்கிறதே என்பதைத் தவிர வேறொன்றும் ஏறவில்லை.

மரத்தடியில் முனிகிருஷ்ணன் பட்ட பாட்டை லோடுக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முதல்நாள் ஒரு தூளியை ஆட்டினால் இன்னொன்று விழித்துக்கொண்டது. ஒன்றுக்குக் கால் கழுவிவிட்டுத் திரும்பினால் இன்னொன்று மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. பால் புட்டிகள் எது யாருடையது என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்து, இரண்டு தாய்மாரிடம் வசவு வாங்கினான். “ஏ மாமே, எங்களுக்கும் ஒரு தூளி கட்டுடா!” என்று கிரேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டாளிகள் கத்திவிட்டுப் போனார்கள். காது மடல் சிவக்கக் கேட்டுக்கொண்டான்.

ஆனால் இரண்டு மூன்று நாளில் பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டன. எது தூங்குவதற்கு முன்னால் சிணுங்கும், எது பசித்தால் விரலைச் சூப்பும் என்று அவனுக்குப் பிடிபட்டது. பச்சையப்பன் என்று ஒரு நாலு வயசுப் பையன், அவன் தோளிலிருந்து இறங்கவே மாட்டேன் என்றான். மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்து பார்த்தபோது முனிகிருஷ்ணன் சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின்மேல் பிரீத்தி, இரண்டு கைகளிலும் ஒவ்வொன்று, எல்லாம் தூக்கம். அவன் மட்டும் விழித்திருந்தான். எழுந்தால் விழித்துக்கொள்ளும் என்று முகத்தில் மொய்க்கிற ஈயைக்கூட ஓட்டாமல் கிடந்தான். தேவசேனா புடவைத் தலைப்பால் அந்த ஈயை ஓட்டினாள். அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அத்தனை பேர் நடுவில்.

அந்த சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவன் வாசலில் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் உள்ளே களி கிளறினாள். கதவு திறந்திருந்தது.

“இன்னா மே, மூஞ்ச ஒரு மாரி வச்சிக்கினு கீற?” என்று கேட்டான்.

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமயா துடுப்ப இந்தக் குத்து குத்தற? சட்டி ஒடஞ்சிடப் போவுது.”

அவள் துடுப்பைச் சட்டியில் சாய்த்து வைத்தாள். “இந்த வாரம் நீ இன்னா வேல செஞ்ச மாமா?”

“தெரியாத மாரி கேக்கற? பசங்கள பாத்தேன். அப்பா, லோடு இறக்கறதே தேவல. அதுலயாச்சும் நடுவுல பீடி புடிக்கலாம். இதுங்க மூச்சு வுட வுட மாட்டேங்குதுங்க.”

“அதே வேலதான் கோதக்கா செஞ்சிது. அதுக்கு இருநூறு.”

அவன் செம்பை வாளியில் விட்டான். “அது... அது முட்டி முடியாத பொம்பள.”

“நீ முதுகு முடியாத ஆம்பள.”

அவனுக்குச் சுருக்கென்றது. “அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? குடுக்கறான், வாங்கிக்கறேன். வாணாம்னு தூக்கிப் போட்டுட்டு வரவா? அந்தக் காசு எங்க வருது? நம்ம வூட்டுக்குத்தான? உனுக்குன்னு வேற, எனுக்குன்னு வேறயா வச்சிக்கினு கீறோம்?”

“வூட்டுக்குத்தான் வருது. இல்லன்னு நான் சொல்லல.” அவள் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. “பெல்ட்டுல எம்பக்கத்துல நின்ன இல்ல? நீ வுட்ட காயெல்லாம் நான்தான் அறுத்தேன். அந்த நாளுக்கும் உனுக்கு அறுநூறு, எனுக்கு நானூறு. இத்தினி வருசமா, கிரேட்டு தூக்கறதுக்குத்தான் அந்த இருநூறு கூடன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா. கிரேட்டுக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

பிரீத்தி வாளிக்குள் கையை விட்டு அடித்து இரண்டு பேர் முகத்திலும் தண்ணீரைத் தெளித்தாள். இரண்டு பேரும் துடைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் கையை வாளியிலிருந்து எடுத்துக்கொண்டே அவன் கேட்டான். “எம்மேல கோவமா?”

“ஒம்மேல இன்னாத்துக்குக் கோவம்? பிள்ளய தொவட்டு. தலையில தண்ணி நிக்குது பாரு.”

களியும் வேர்க்கடலைத் துவையலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவன் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டான். அதையும் அவள் கவனித்தாள்.

கோதை திரும்பி வந்தது மேகமூட்டமாக இருந்த ஒரு காலையில். கையில் ஒரு பை காராபூந்தி. பேரன் பிறந்திருந்தான். பிள்ளைகளெல்லாம் ஓடிப்போய் அவள் கால்களைக் கட்டிக்கொண்டன. பச்சையப்பன் மட்டும் முனிகிருஷ்ணன் தோளிலேயே இருந்தான்.

“நீயா கண்ணு பாத்துக்கின?” என்று கோதை சிரித்தாள். “எல்லாத்தயும் தூங்க வச்சிடறியாமே. போன்ல சொன்னாங்க. நல்லா இருப்ப.” எல்லோருக்கும் ஒரு பிடி பூந்தி கொடுத்தாள். தேவசேனா தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பூந்திப் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டே கோதை கேட்டாள். “இன்னா குடுத்தாங்க?”

முனிகிருஷ்ணன் தேவசேனாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

“அறுநூறு போட்டாங்கக்கா.”

கோதை பையைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. முடிந்தவரைக்கும் சுருட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஒரு முட்டியை மடக்கி, இன்னொரு முட்டியை மடக்கி, சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

“குடுப்பாங்க” என்றாள். “ஆம்பளைக்குக் குடுக்கத்தான செய்வாங்க.”

அதில் கோபமில்லை, பொறாமையும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள் தேவசேனா. அந்தச் சாதாரணக் குரல்தான் அவளை என்னவோ செய்தது.

நாகேந்திரன் வந்தான். “வந்துட்டியா கோத? நல்லதாப் போச்சி. முனிகிருஷ்ணா, லோடு எக்கச்சக்கமா நிக்குது. முதுகு தேவலதான? பாரம் கம்மியா தூக்கிக்கோ, கெளம்பு.”

முனிகிருஷ்ணன் நகரவில்லை. பையனைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தான். அவன் மேஸ்திரியிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

“அண்ணா, கோதக்காவுக்குக் கூலி?”

“எப்பவும் குடுக்கறதுதான்.”

“எனுக்கு அறுநூறு குடுத்தியே, இதே வேலைக்கு.”

“அது ஒன்னோட கூலியய்யா. அந்த வேலையோட கூலி கிடையாது.”

“அப்ப அந்த வேலையோட கூலி இன்னா?”

நாகேந்திரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “ஏமய்யா, பசங்களோட குந்திக்கினு நீயும் பச்சப்புள்ள ஆயிட்டியா? போ, போ, வண்டி நிக்குது.”

முனிகிருஷ்ணன் சாலையில் நிற்கிற வண்டிகளைப் பார்த்தான். அப்போது தேவசேனா பேசினாள்.

“மேஸ்திரி, கோதக்கா பெல்ட்டுல நின்னுதான் அது முட்டி போச்சி. நீயும்தான் பாத்துக்கினு இருந்த. எங்க புள்ளைங்கள அது பாத்துக்கினாத்தான் நாங்க அங்க நின்னு அறுக்க முடியுது. முழுக்கூலி குடு. ஆம்பளக் கூலி இல்லன்னாலும் எங்க கூலியாச்சும் குடு.”

“இல்லன்னா?”

இல்லாவிட்டால் என்ன என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பிரீத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இல்லன்னா எம் புள்ளய இங்க வுட மாட்டேன். பெல்ட்டாண்டயே வச்சிக்குவேன். தொட்டில வுழுந்தா வுழட்டும். நீ பதில் சொல்லிக்கோ.”

சொல்லிவிட்டு நேராக உள்ளே நடந்தாள். மோகனப்ரியா வாயில் பூந்தியோடு அப்படியே நின்றாள். பிறகு தன் கைக்குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். உள்ளே போய்ப் பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு பெல்ட்டு முன்னால் நின்றார்கள். ஒரு கையால் எப்படி அறுப்பது? காம்போடு, அழுகலோடு பழங்கள் அவர்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தன. மெஷின்காரன் ஏதோ கத்தினான். பெல்ட்டு நின்றது. வெளியே டிராக்டர்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

நாகேந்திரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு புங்கமரத்தைச் சுற்றிச் சுற்றித் தெலுங்கில் பேசினான். முதலில் சிரித்தான், பிறகு கெஞ்சினான், பிறகு வெறுமனே ‘சரே சார், சரே சார்’ என்றான். உள்ளே வந்தபோது வேர்த்திருந்தது.

“கோதைக்கு நானூறு. இந்த சீசனுக்கு மட்டும். அதுக்குமேல எவளாச்சும் ஆம்பளக் கூலி, அறுநூறுன்னு வாயத் தொறந்தீங்கன்னா நாளைக்கே வேற ஊர்லருந்து ஆளு எறக்கிடுவேன். செப்பேசானு, அந்தே. சொல்லிட்டேன், அவ்ளோதான்.”

பெண்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டார்கள். பெல்ட்டு மறுபடி ஓடிற்று.

மத்தியானம் கோதை தேவசேனாவைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்துத் திட்டினாள். “எனக்கோசரம் ஏண்டி வாய் குடுத்த? ஒன் வேல போயிருந்தா யாரு சோறு போடுவா? கொயந்தய வச்சிக்கினு பேசற பேச்சா அது, தொட்டில வுழட்டும்னு?” திட்டிக்கொண்டே தன் டப்பாவிலிருந்த கீரைக் குழம்பையெல்லாம் தேவசேனாவின் தட்டில் கவிழ்த்தாள். “துன்னு. எலும்பும் தோலுமா கீற.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையே இல்லாத இடத்தில், “ஒரே பொகை” என்றாள்.

எல்லோரும் தேவசேனாவை மெச்சினார்கள். ஆனால் அந்த சனிக்கிழமையும் அவள் கையில் வந்தது அதே நானூறு வீதம்தான். முனிகிருஷ்ணனுக்கு அதே அறுநூறு. மொபெட்டில் வரும்போது அவன், “நீ பேசினப்போ எனுக்குக் கையெல்லாம் சில்லுனு ஆயிடிச்சி மே” என்றான். அவள் அவன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கேட்டது கோதைக்குக் கிடைத்தது. தனக்கென்று எதையும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தேவசேனாவுக்கு உறைத்தது.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. விடியும்போது பிரீத்திக்கு உடம்பு கொதித்தது. மூக்கு ஒழுகி, கண் செருகிக் கிடந்தாள். தேவசேனா ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாக்களை எடுத்து, ஒன்றை மட்டும் கட்டினாள். அவனுக்கு.

“ஒனக்கு?” என்றான்.

“நான் எங்க போறது? இத்த வச்சிக்கினு.”

“நான் இருக்கறேன். நீ போ.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வெளயாடாத மாமா. நீ வூட்ல நின்னா அறுநூறு போவும். நான் நின்னா நானூறோட போவும். எப்பவும் அப்பிடித்தான செய்யறோம்.”

“எப்பவும் அப்பிடித்தான் செய்யறோம்.” அவன் பிள்ளையின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். “நேத்து கிரேட்டு தூக்கசொல்ல அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன். இந்தக் கணக்கப் போட்டுக்கினே இருந்தா, ஒவ்வொரு தபாவும் நீதான வூட்ல நிக்கணும்? இதுக்கு ஜொரம் வந்தாலும் நீ, பேதி வந்தாலும் நீ. நாளைக்கி இஸ்கூலுக்குப் போனாலும் நீ. ஒனக்குக் கூலி கம்மி, அதனால நீ நிக்கற. நீ நின்னுக்கினே இருக்கற, அதனால ஒனக்குக் கூலி கம்மி. எங்கடா முடியறது இது?”

“அறுநூறு மாமா.”

“போவட்டும் மே. ஒரு நாளு. முதுகும் வலிக்குது, அதுக்கும் ஒரு நாளு லீவுன்னு வச்சிக்கோ. மருந்து எவ்ளோ குடுக்கணும், அத மட்டும் சொல்லு.”

அவள் சொன்னாள். மூடியில் கோடு போட்டிருக்கிற இடம் வரைக்கும். வாந்தி எடுத்தால் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். கஞ்சியை நன்றாக ஆற வைக்க வேண்டும். சொல்லிச் சொல்லி வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“போ மே, ஆட்டோ போயிடும்” என்றான் அவன்.

ஷேர் ஆட்டோவில் மடியில் பாரமில்லாமல் உட்கார்ந்து போவது அவளுக்கு என்னவோ போலிருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கேட்டில் நாகேந்திரன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். “எங்கம்மா ஒன் ஆளு? மழைல வண்டி சேத்துல நிக்குது.”

“வர மாட்டாரு அண்ணா. கொயந்தைக்கு ஜொரம்.”

“அப்ப நீ எதுக்கு வந்த?”

“வேலைக்கு.”

நாகேந்திரனுக்கு அது புரியச் சற்று நேரம் ஆயிற்று. “அவன அனுப்பிட்டு நீ இருந்திருக்கலாமே? அறுநூறு போச்சே உங்களுக்கு.”

“ஆமா, போச்சி” என்றாள் தேவசேனா. “எனுக்கு நானூறு வருதில்ல.”

தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே போன் அடித்தது. அவன்தான். “ஜொரம் எறங்கிச்சி. கஞ்சி பாதி குடிச்சா, பாதி எம்மேல துப்பினா. இப்ப தூங்கறா. நீ ஒண்ணும் கவலப்படாத, இன்னா?” பின்னால் மழைச்சத்தம் கேட்டது.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் பெல்ட்டுக்குத் திரும்பினாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அங்கே நிற்கும்போதெல்லாம் அவளுடைய ஒரு காது மரத்தடியில்தான் இருக்கும். அழுகிறது தன்னுடையதா, அடுத்தவளுடையதா என்று பிரித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் எதையாவது சொன்னால் இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கும். அன்றைக்கு இரண்டு காதும் அவளோடு இருந்தன. பழங்கள் பெல்ட்டில் விழுகிற சத்தம், தகரத்தில் மழை விழுகிற சத்தம், கத்தி சதையில் இறங்குகிற சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன.

எதிர்ப்பக்கத்திலிருந்து மோகனப்ரியா தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னாள். மெஷின் இரைச்சலில் மெல்லத்தான் சொன்னாள். தேவசேனா கத்தியைப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“கேட்டிச்சாக்கா உனுக்கு?” என்றாள் மோகனப்ரியா ஆச்சரியமாக.

“நல்லா கேட்டிச்சி” என்றாள் தேவசேனா. “இன்னொண்ணு சொல்லு.”